பனிக்கரடி இல்லாமல் போனால் யாருக்கு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்கரடி என்றதும், பாதி உருகிய பனித்துண்டின் மேல் தனியாக நிற்கும் கரடிப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் "சரி, அது அழிந்துபோனால் யாருக்கு என்ன ஆகிவிடும்?" என்று யாராவது கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கும் அதையொட்டி வரும் மற்றக் கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

பனிக்கரடி பனியில் வாழும் விலங்குதானே?

தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாமே அடங்கிவிடும். புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான், வானத்திலிருந்து பூவாய்க் கொட்டுவதும் பனிதான், மலையுச்சியில் இறுகிக் கிடப்பதும் பனிதான். பனிக்கரடிக்கு உயிராதாரமாக இருப்பது கடற்பனி. குளிர்காலத்தில் கடலின் மேற்பரப்பே உறைந்து பாளம் பாளமாக மிதக்கிறதே, அது. அந்தப் பாளத்தின் மேல் நின்றுதான் அது வேட்டையாடும், இணை தேடும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கும். 1774இல் கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'கடல் கரடி' என்று பொருள்படும்படி உர்சஸ் மாரிட்டிமஸ் என்றுதான் வைத்தார். திமிங்கிலம், சீல்களோடு சேர்த்து இதையும் கடல்வாழ் பாலூட்டியாகவே கணக்கிடுகிறார்கள்.

கனடா, ரஷ்யா, அமெரிக்காவின் அலாஸ்கா, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள், டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள கிரீன்லாந்து ஆகிய இடங்களில் மொத்தம் சுமார் 26,000 கரடிகள் இருப்பதாக மதிப்பீடு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கனடாவில். பென்குயின்கள் இருப்பது உலகின் மறுகோடியில். கார்ட்டூன் தவிர வேறெங்கும் இரண்டும் சந்தித்ததில்லை.

அது எப்படி வேட்டையாடுகிறது?

வளைய சீல் என்று ஒரு சிறிய சீல் இனம் உண்டு. பனிக்கரடியின் முக்கிய உணவு அதுதான். சீலுக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். மேலேயோ கடல் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. அதனால் முன் துடுப்புக்காலில் உள்ள நகங்களால் பனியைச் சுரண்டிச் சுரண்டி, குளிர்காலம் முழுக்கச் சில மூச்சுத்துளைகளை மூடவிடாமல் வைத்திருக்கும். அந்தத் துளையின் வாசனையைக் கரடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே பிடித்துவிடும்.

அப்புறம் நடப்பது முழுக்கப் பொறுமைதான். துளையின் ஓரத்தில், காற்று தன் வாசனையைக் கொண்டுபோகாத பக்கமாகப் பார்த்து, முகவாயைப் பனியில் பதித்துப் படுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம், சில சமயம் பல மணி நேரம். பாதம் ஒன்றைச் சற்று நகர்த்தினாலும் பனி கிறீச்சிடும், கீழே இருக்கும் சீலுக்குக் கேட்டுவிடும். துளைக்குள் தண்ணீர் மெல்ல எழும்பும். சீல் மேலே வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மூக்கு வெளியே தெரிந்த அந்த நொடியில் கரடி பாயும். பெரும்பாலான முயற்சிகள் வீணாகத்தான் போகும். வசந்த காலத்தில் வேறொரு முறை: தாய் சீல் பனிக்குள் குடைந்த பொந்தில் குட்டி போட்டிருக்கும். கரடி மேலிருந்தே மோப்பம் பிடித்து, பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால்களை மொத்த எடையோடு இறக்கிக் கூரையை உடைக்கும்.

ஆண்டு முழுவதற்குமான கொழுப்பில் பெரும்பகுதியைக் கரடி இந்த வசந்தகாலச் சில வாரங்களில்தான் சேர்த்துக்கொள்கிறது. பின்னால் வரும் பதில்களுக்கெல்லாம் இந்த ஒரு விஷயம் முக்கியம்.

அதன் வேட்டையால் மற்ற உயிர்களுக்கு என்ன பயன்?

நன்றாகக் கொழுத்த கரடி சீல் முழுவதையும் தின்பதில்லை. தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் உரித்துத் தின்றுவிட்டு, சதையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். கொழுப்பில்தான் அதற்கு வேண்டிய சக்தி இருக்கிறது. மிச்சம் கிடப்பது சிவந்த பனி நடுவே பத்திருபது கிலோ சதையும் எலும்பும்.

முதலில் வருவது பெரும்பாலும் ஆர்க்டிக் நரி. குளிர்காலத்தில் இந்த நரிகள் கரையை விட்டுக் கடற்பனி மேல் இறங்கி, கரடியின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகும். கரடி தின்று முடிக்கும்வரை எட்ட நின்று காத்திருக்கும். பொறுமை போய்விட்டால் பின்பக்கமாக வந்து ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடும். தூய வெள்ளைக் கடற்காகங்கள் வரும், அண்டங்காக்கைகள் வரும். தானே வேட்டையாடத் தெரியாத இளம் கரடிகளும், மெலிந்த கரடிகளும் வரும். இருட்டும் குளிரும் கவிந்த அந்தப் பரப்பில் பல மாதங்களுக்கு வேறு உணவே கிடைக்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப் பனிக்கரடிகள் விட்டுப்போகும் இறைச்சி எவ்வளவு என்று 2025இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. ஆர்க்டிக் முழுவதுமாக ஆண்டுக்குச் சுமார் 76 லட்சம் கிலோ. ஒரு கரடிக்கு ஏறக்குறைய 300 கிலோ. குறைந்தது 11 வகை முதுகெலும்பு உயிரினங்கள் இதில் பங்கு வாங்குகின்றன.

என்னைக் கேட்டால், கரடியின் முக்கியத்துவத்தைச் சொல்ல இந்த ஒன்றே போதும். கடலுக்கு அடியில் இருக்கும் உணவை நரியாலோ காக்கையாலோ எட்ட முடியாது. அதைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் பனியின் மேல் போடுவது கரடிதான். அந்த வேலையை அதே அளவில் செய்ய அங்கே வேறு விலங்கு இல்லை.

கரடி இல்லாவிட்டால் சீல்கள் பெருகி மீன்களைத் தின்று தீர்த்துவிடும் என்கிறார்களே?

இப்படிப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு. வளைய சீலுக்கும் குட்டி வளர்க்கக் கடற்பனியும் அதன் மேல் படியும் பனிப்பொழிவும் வேண்டும். கரடியை விரட்டும் அதே வெப்பம் சீலின் பொந்தையும் இடித்துவிடும். அப்படியிருக்க, கரடி மட்டும் மறைந்து சீல்கள் கொழித்து வாழும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் கரடி சீல்களின் வாழ்க்கையை எவ்வளவு ஆழமாக மாற்றியிருக்கிறது என்பதற்கு அழகான ஒரு சான்று இருக்கிறது. அண்டார்டிகாவின் வெடல் சீல், திறந்த பனிவெளியில் குட்டி போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கும். மனிதர் பக்கத்தில் போனாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். அங்கே பனிமேல் நடந்து வந்து கொல்லும் விலங்கு எதுவும் இல்லை. ஆர்க்டிக்கின் வளைய சீலோ குட்டியைப் பொந்துக்குள் ஒளித்து வைக்கிறது. வெயில் காயும்போதுகூட நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலாபக்கமும் பார்க்கிறது. அந்தப் பயம் கரடி கொடுத்தது.

கடற்பனிக்கும் உணவுக்கும் என்ன சம்பந்தம்? அது வெறும் உறைந்த தண்ணீர்தானே?

பனிப்பாளம் ஒன்றைப் புரட்டிப் பார்க்க முடிந்தால் அடிப்பக்கம் பழுப்பும் பச்சையுமாக இருக்கும். பாசி. பனியினூடாகக் கசிந்து வரும் வெளிச்சத்தில் அது வளர்கிறது. அதை மேய்வன கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மிதவை உயிரிகள். அவற்றைத் தின்பது ஆர்க்டிக் காட் மீன். மீனைத் தின்பது சீல், சீலைத் தின்பது கரடி. ஆக, கரடியின் உடம்பில் இருக்கும் கொழுப்பு பனியின் அடியில் விளைந்ததுதான். கரடிகள் மெலிகின்றன என்றால், கீழே இந்த வரிசையில் எங்கோ கோளாறு என்று பொருள். ஆய்வாளர்கள் கரடியை எடை போட்டுப் பார்ப்பதில் இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான்.

மனிதர்களுக்கும் பனிக்கரடிக்கும் என்ன உறவு?

ஆர்க்டிக்கின் இன்யூட் மக்களுக்கு அது நானுக். அவர்கள் அதை வேட்டையாடுகிறார்கள், உண்கிறார்கள், மதிக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று முரண்படாமல் பல தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இது உறுத்தலாகத் தோன்றலாம். ஆனால் கனடாவின் நுனாவுட் பகுதியில் ஒவ்வொரு சமூகமும் ஆண்டுக்கு எத்தனை கரடி எடுக்கலாம் என்று வரம்பு கட்டித்தான் வேட்டை நடக்கிறது. இறைச்சி ஊருக்குள் பங்கு போடப்படும். தோல் உடுப்பாகும், வடமேற்கு கிரீன்லாந்தின் வேட்டைக்காரர்கள் பனிக்கரடித் தோலில் தைத்த கால்சட்டையை இன்றும் அணிகிறார்கள். அந்தக் குளிருக்கு அதற்கு இணையான துணி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர்களுடைய அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனிக்கரடியின் ஈரலைத் தின்னக் கூடாது என்பது இன்யூட் குழந்தைக்கும் தெரியும். 1597இல் வில்லெம் பேரன்ட்ஸ் தலைமையில் போய் நோவயா ஜெம்லியா தீவில் சிக்கிக்கொண்ட டச்சு மாலுமிகளுக்குத் தெரியவில்லை. ஈரலைச் சமைத்துத் தின்றார்கள். மூன்று பேருக்கு உச்சி முதல் பாதம் வரை தோல் உரிந்தது. காரணம் வைட்டமின் ஏ என்று அறிவியல் உறுதி செய்தது 1940களில்தான். ஈரலில் அந்தச் சத்து மனித உடலுக்கு நஞ்சாகும் அளவுக்குக் குவிந்திருக்கிறது.

இன்னொன்று. தண்ணீரிலிருந்து எழுந்து வரும் கரடியின் ரோமத்தில் பனிக்கட்டி ஒட்டுவதில்லை. ஏன் என்று 2025இல் ஓர் ஆய்வுக் குழு ஆராய்ந்தது: ரோமத்தில் படியும் எண்ணெய்ப் பசைதான் காரணம். இன்யூட் வேட்டைக்காரர்கள் இதை முன்பே அறிந்து, துளையருகே காத்திருக்கும்போது சத்தம் வராமலிருக்கக் கரடித்தோலைக் காலுக்கடியில் பயன்படுத்தி வந்தவர்கள். விமான இறக்கையிலும் மின்கம்பியிலும் பனி ஒட்டாமல் தடுக்க நஞ்சில்லாத பூச்சு தேடுகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

ஆர்க்டிக்கை நான் பார்க்கப்போவதே இல்லை. எனக்கு ஏன் இது முக்கியம்?

கடற்பனி தன் மேல் விழும் சூரிய ஒளியில் பாதிக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். இருண்ட கடல்நீர் ஏறக்குறைய எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பனி குறையக் குறையக் கடல் இன்னும் சூடாகிறது, சூடாகச் சூடாகப் பனி இன்னும் குறைகிறது. 1979இலிருந்து ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. கரடி நிற்கும் அந்த வெள்ளைத் தரை பூமி முழுவதற்கும் ஒரு கூரை.

அடுத்தது நஞ்சு. பிசிபி போன்ற தொழிற்சாலை வேதிப்பொருள்கள் எங்கோ தொலைவில் பயன்படுத்தப்பட்டு, காற்றிலும் கடல் நீரோட்டத்திலும் வடக்கே வந்து சேர்ந்தன. அவை கொழுப்பில் தங்கும். மீனில் கொஞ்சம், சீலில் அதிகம், கரடியில் மிக அதிகம். தாய்க்கரடியின் பால் வழியாகக் குட்டிக்கும் போகும். அதே உணவை உண்ணும் மனிதர்களுக்கும் இதே கதிதான்: 1980களில் கியூபெக்கின் வட கோடியில் உள்ள இன்யூட் தாய்மார்களின் தாய்ப்பாலைச் சோதித்தபோது, தெற்கே நகரங்களில் வாழும் பெண்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு பிசிபி இருந்தது. ஒரு தொழிற்சாலையும் இல்லாத ஊரில்! இந்தக் கண்டுபிடிப்புகள்தான், இத்தகைய வேதிப்பொருள்களைத் தடைசெய்யும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் உருவாக முக்கியமான தூண்டுதல்களுள் ஒன்று. அந்தத் தடையால் பயன்பெறுவது உலகத்தில் எல்லோரும்தான்.

மருத்துவத்துக்கும் அதனிடம் கற்க நிறைய இருக்கிறது. இவ்வளவு கொழுப்பு தின்றும் அதற்கு இதய நோய் வருவதில்லை. 2014இல் வந்த மரபணு ஆய்வு, கொழுப்பை இரத்தத்தில் கையாளும் மரபணுக்கள் இதில் மாறியிருப்பதைக் காட்டியது. கருவுற்ற பெண் கரடி மாதக்கணக்கில் தின்னாமல் குகையில் கிடந்தும் அதன் எலும்பு தேய்வதில்லை.

எண்ணிக்கை குறைகிறது என்கிறார்கள், கூடியிருக்கிறது என்றும் சிலர் சொல்கிறார்களே, எது உண்மை?

இரண்டுமே உண்மை, இடத்தைப் பொறுத்து. ஒருகாலத்தில் கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். 1973இல் ஐந்து நாடுகளும் ஆஸ்லோவில் ஒப்பந்தம் செய்து வேட்டையைக் கட்டுப்படுத்திய பிறகு பல இடங்களில் கரடிகள் மீண்டன. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே தாளில் கையெழுத்திட்டது ஒரு கரடிக்காக என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் விஷயம்.

இப்போதுள்ள ஆபத்து வேறு. கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980களின் பிற்பகுதியில் சுமார் 1,200 கரடிகள் இருந்தன. 2016இல் 842. 2021இல் 618. அங்கே பனியில்லாத காலம் 1980களைவிட மூன்று, நான்கு வாரங்கள் நீண்டுவிட்டது. மறுபக்கம், அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே உள்ள சுக்சி கடலில் கரடிகள் இன்னும் கொழுத்துத்தான் இருக்கின்றன. அந்தக் கடல் அவ்வளவு வளமானது. பல இன்யூட் சமூகங்கள் ஊரருகே முன்பைவிட அதிகக் கரடிகளைப் பார்ப்பதாகச் சொல்கின்றன. அவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். பனி இல்லாத நாள்கள் கூடினால் கரடிகள் கரையில் அதிகம் தென்படுவதும் இயல்பு. ஒரு வட்டாரத்தின் கணக்கை வைத்து ஆர்க்டிக் முழுவதையும் எடை போடக் கூடாது.

பனி இல்லாவிட்டால் நிலத்தில் வேறு எதையாவது தின்று பிழைக்காதா?

முயற்சி செய்கிறது. பறவை முட்டை, பழம், புல், கரை ஒதுங்கிய திமிங்கிலம் என்று கிடைத்ததைத் தின்கிறது. ஸ்வால்பார்டில் வாத்துகளின் முட்டைக் கூடுகளை வரிசையாகக் காலி செய்துவிட்டுப் போகிறது. அது அந்தப் பறவைகளுக்குப் பெரிய அடி. ஆனால் வயிறு நிரம்புவது வேறு, உடம்பு தேறுவது வேறு. ஹட்சன் விரிகுடாக் கரையில் 20 கரடிகளின் கழுத்தில் கேமரா மாட்டி மூன்று வாரம் கவனித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். சில படுத்தே கிடந்தன, சில அலைந்து திரிந்து பழம் தின்றன, சில கடலில் நீந்தின. என்ன செய்தும் 19 கரடிகள் எடை இழந்தன. சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு கிலோ.

நன்றாக நீந்துமே?

நீந்தும். 2008இல் அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போஃபோர்ட் கடலில் ஒரு பெண் கரடி ஒன்பது நாள் விடாமல் 687 கிலோமீட்டர் நீந்தியதைக் கழுத்துப்பட்டைக் கருவி பதிவு செய்தது. நீந்தி முடித்துக் கரடி மறுபடி பிடிபட்டபோது உடல் எடையில் 22 சதவீதம் குறைந்திருந்தது. புறப்படும்போது கூட இருந்த ஒரு வயதுக் குட்டி இப்போது அதோடு இல்லை.

மனிதர்களைத் தாக்குமா?

தாக்கும், ஆனால் நினைப்பதைவிட அரிது. 1870 முதல் 2014 வரை பதிவான தாக்குதல்கள் 73, இறந்தவர்கள் 20 பேர். தாக்கியவற்றில் பெரும்பாலானவை பசியில் மெலிந்த கரடிகள். பனி குறைந்தால் இந்தச் சந்திப்புகள் கூடும். 2019 பிப்ரவரியில் ரஷ்யாவின் பெலுஷ்யா குபா என்ற குடியிருப்பைச் சுற்றி 50க்கும் மேற்பட்ட கரடிகள் கூடிவிட, நெருக்கடி நிலையே அறிவித்தார்கள்.

கனடாவின் சர்ச்சில் ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதம் பாராட்டத்தக்கது. ஊருக்குள் நுழையும் கரடியைப் பிடித்து ஒரு கட்டடத்தில் அடைப்பார்கள். தண்ணீர் மட்டும்தான், சாப்பாடு கிடையாது. மனிதர் பக்கம் போனால் தீனி கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளக் கூடாது. பிறகு ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் வடக்கே விடுவார்கள். அந்த ஊரில் பலர் காரைப் பூட்டுவதில்லை, தெருவில் யாராவது கரடியைக் கண்டால் ஓடி ஏறிக்கொள்ளட்டும் என்று.

மிருகக்காட்சி சாலையில் வைத்துக் காப்பாற்ற முடியாதா?

இனத்தைக் காட்சிக்கு வைத்திருக்கலாம். நரிக்கு உணவு போடும் கரடி அங்கே இருக்காது.

இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். கோடைப் பனி ஓர் எல்லையைத் தாண்டியதும் தானாகவே சரிந்து முற்றிலும் போய்விடும் என்று ஒருகாலத்தில் பயந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அப்படி இல்லை என்றன: வெப்பம் நின்றால் பனிக் குறைவும் நிற்கும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதைக் குறைப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. அது நாடுகள் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எடுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கும் பங்கு உண்டு. அதுவரை கரடிகளுக்கு அவகாசம் வாங்கித் தரும் வேலைகள் இருக்கின்றன. குட்டி ஈனும் குகைப் பகுதிகளில் துளையிடும் வண்டிகளை விடாமலிருப்பது அதில் முக்கியம். பிறக்கும்போது குட்டியின் எடை அரை கிலோவுக்குச் சற்றுமேல்தான், கண் திறந்திருக்காது. தாய் மிரண்டு குகையை விட்டு ஓடினால் அது பிழைக்காது.

கடற்பனி இல்லாமலே வாழும் கரடிகளைக் கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம், 2022இல் தென்கிழக்கு கிரீன்லாந்தில். அங்கே ஆண்டில் 250 நாளுக்கு மேல் கடற்பனி இருக்காது. பனியாறுகளிலிருந்து உடைந்து மலையிடுக்குக் கடலில் விழும் நன்னீர்ப் பனிக்கட்டிகள் மேல் நின்று அந்தக் கரடிகள் சீல் பிடிக்கின்றன. செய்தி வந்தபோது பலர் 'பார்த்தீர்களா, பிழைத்துக்கொள்ளும்' என்றார்கள். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் பனியாறு நேராகக் கடலில் வந்து விழும் அத்தகைய இடங்கள் கிரீன்லாந்திலும் ஸ்வால்பார்டிலும் தவிர ஆர்க்டிக்கில் மிகக் குறைவு. அந்தக் கரடிகளே மொத்தம் சில நூறுதான். பெண் கரடிகள் மற்ற இடத்துக் கரடிகளைவிடச் சிறியவை, குட்டிகளும் குறைவு.